தவறிப்போகத் துணிந்த சங்கீதம்

ஒரு பாடகரிடமோ வாத்தியக் குழுவிடமோ அளவு கடந்த அபிமானம் வைத்திருப்பவர்களைப் பற்றிப் படித்தவர்களிடையே ஓர் அலட்சியமான அபிப்பிராயம் வெகுகாலமாக நிலவி வருகிறது. இவர்கள் காது கொடுத்துக் கேட்பவர்கள் அல்லர், கைதட்டுவதற்கென்றே வருகிறவர்கள். தங்கள் அபிமான புருஷர் எதைப் பாடினாலும் தேவகானம் என்பார்கள், சுருதி விலகிற்று என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பது அந்த அபிப்பிராயத்தின் சாரம். பல இடங்களில் இது உண்மையாகவே இருக்கிறதென்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில் 1965-ஆம் வருஷம் தோன்றி, தன் தலைமைக் கிட்டார் கலைஞர் 1995-இல் காலமாகும் வரையில் முப்பது வருஷ காலம் ஊர் ஊராகச் சுற்றி ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்த ‘கிரேட்ஃபுல் டெட்’ என்னும் ராக் குழுவின் ரசிகர்களை, ‘டெட்ஹெட்’ என்று தங்களைத் தாங்களே பெருமையோடு அழைத்துக்கொள்ளும் அந்த விசித்திரமான சமூகத்தை, சற்று நிதானமாகக் கவனிக்கிற எவருக்கும், அபிமானம் முற்ற முற்றக் காது மந்தமாகும் என்ற கொள்கையில் சந்தேகம் தோன்றாமல் இராது.

அந்தக் குழுவிடம் இல்லாதவற்றை முதலில் சொல்லிவிடுவது நியாயம். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் செய்த இசைத்தட்டுகளில், 1970-இல் அடுத்தடுத்து வந்த ‘ஒர்க்கிங்மேன்ஸ் டெட்’, ‘அமெரிக்கன் பியூட்டி’ ஆகிய இரண்டையும் விலக்கிவிட்டுப் பார்த்தால், மற்றவற்றை ரசிகர்களே அவ்வளவாகக் கொண்டாடுவதில்லை. அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் அவர்களுடைய பாட்டு ஒன்றே ஒன்றுதான் நுழைந்தது. அதுவும் குழு தொடங்கி இருபத்திரண்டு வருஷங்கள் சென்றபின், 1987-இல். தலைமைக் கிட்டார் கலைஞரான ஜெர்ரி கார்சியாவின் குரல் மெல்லியது, எந்த நிமிஷமும் உடைந்துவிடும் போலிருப்பது. அவரும் சரி, இன்னொரு பாடகரான பாப் வியரும் சரி, எத்தனையோ வருஷங்களாகப் பாடிவந்த பாட்டின் அடிகளை நடு மேடையில் மறந்துவிட்டுத் திகைப்பது, ரசிகர்கள் செல்லமாகக் கேலி செய்துகொள்ளும் விஷயங்களில் ஒன்று. மேடையில் ஆடை அலங்காரமோ ஆட்ட பாட்டமோ கிடையாது. சபையைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசும் உபசாரம்கூட அநேகமாகக் கிடையாது. தாடியும் தலையும் நரைத்த, பருத்த சரீரமுடைய கார்சியா, கறுப்புச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் தம் கிட்டாரையே பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார். அந்த மனிதருடைய வலக்கை நடுவிரலில் பெரும்பகுதி, நான்காவது வயதில் விறகு பிளக்கும்போது அண்ணன் கையிலிருந்த கோடரி பட்டு ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

இத்தகைய குழுவைத் தொடர்ந்து ஊர் ஊராகப் போய், ஒரே ஆள் நூறு கச்சேரி, இருநூறு கச்சேரி கேட்பதென்றால் அதற்கு ஏதேனும் காரணம் இருக்க வேண்டும். கூடைப்பந்து ஆட்டத்தில் அகில உலகப் புகழ் பெற்ற பில் வால்டன், ஏழடி உயரத்துக்குச் சபை நடுவே நின்று, தம் ஆயுளில் நூற்றுக்கணக்கான முறை அவர்களைக் கேட்டார். காரணம் எளிமையானது. இன்று கேட்டது நாளைக்குக் கிடைக்காது. நூற்றுக்கு மேற்பட்ட உருப்படிகள் அவர்கள் கைவசம் தயாராக இருந்தன. அன்றைக்கு எதை எடுப்பது, எதற்குப்பின் எது வருவது என்பதையெல்லாம் மேடையில் நின்றபடியே, பல சமயம் ஒருவர் மற்றவரை ஜாடையால்கூடக் கேட்டுக்கொள்ளாமல், ஒரு ஸ்வரக் கொத்தை வாசித்துக் காட்டியே முடிவு செய்தார்கள். ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் வாங்கிக்கொண்டு அடுத்ததற்குப் போவது என்ற சம்பிரதாயமும் அவர்களிடம் நிலைக்கவில்லை. பாட்டின் கடைசி அடி பாடப்பட்ட பிறகும் வாசிப்பு நிற்காமல், தாளம் மெல்லக் குழைந்து, சுருதி வேறொரு திசையில் சாய்ந்து, இது எங்கே போகிறதென்று வாசிப்பவர்களுக்கே விளங்காத ஒரு மூட்டத்துக்குள் பத்துப் பதினைந்து நிமிஷம் அலைந்து, பிறகு யாரும் எதிர்பாராத ஒரு கணத்தில் இன்னொரு பாட்டின் வாசலில் வந்து நிற்கும். அந்த வாசலை அடையாளம் கண்டுகொண்டவுடன் பல்லாயிரம் பேர் ஒரே குரலாக எழுப்பும் கோஷத்தைப் பழைய ஒலிப்பதிவுகளில் இன்றும் கேட்கலாம்.

‘டார்க் ஸ்டார்’ என்ற ஒரே உருப்படியின் சரித்திரத்தைச் சொன்னாலே விஷயம் துலங்கும். 1968-இல் அது மூன்று நிமிஷத்துக்கும் குறைந்த சிறு இசைத்தட்டாக வெளிவந்தது. வாங்குவாரும் அதிகம் இல்லை. அடுத்த வருஷம் ‘லைவ்/டெட்’ என்ற கச்சேரிப் பதிவில் அதே பாட்டு இருபத்து மூன்று நிமிஷமாக விரிந்திருந்தது. 1972 ஆகஸ்ட் 27-ஆம் தேதி ஆரிகன் மாகாணத்து வெனீட்டாவில், நொடித்துப் போகும் நிலையிலிருந்த ஒரு பால்பண்ணையைக் காப்பாற்றுவதற்காக நடத்திய கச்சேரியில், தந்திகளின் சுருதியைக் கலைத்துவிடும் உக்கிரமான வெயிலிலே, அது அரைமணி நேரத்தையும் தாண்டிற்று. பாட்டென்று சொல்லத்தக்க அடிகள் அதில் சிலவே. மற்றதெல்லாம் அன்றைய மனோதர்மம். அதனால்தான் எந்தத் தேதியின் டார்க் ஸ்டார் என்று சொல்லாமல் ‘டார்க் ஸ்டார் அருமை’ என்று மட்டும் ஒரு டெட்ஹெட் சொல்லமாட்டார்.

இவ்விதம் ஒவ்வோர் இரவும் புதிதாகத் தேடப் புறப்படுகிறவன் சில இரவுகளில் வெறுங்கையோடு திரும்பத்தான் வேண்டும். அப்படித் திரும்பிய இரவுகள் அவர்களுக்கு ஏராளம். ராக் சங்கீதத்தின் மகாமகம் என்று சரித்திரம் வர்ணிக்கும் 1969-ஆம் வருஷத்து உட்ஸ்டாக் விழாவில், நனைந்த மேடையும் மின்கசிவும் சேர்ந்து, கிட்டாரைத் தொட்டாலும் ஒலிவாங்கியை நெருங்கினாலும் அதிர்ச்சி வாங்கிக்கொண்டு, அவர்கள் வாசித்த வாசிப்பு அவர்கள் அபிப்பிராயத்திலேயே படுமோசம். 1978 செப்டம்பரில் எகிப்து தேசத்து கீஸா பிரமிடின் அடிவாரத்தில், மூன்றாவது இரவில் சந்திர கிரகணமும் கூடிவரும்படியாக மூன்று கச்சேரிகள் செய்தார்கள். உலகத்தில் எந்தக் குழுவுக்கு அப்படியொரு மேடை வாய்க்கும்? டிரம் வாசிக்கும் பில் க்ராய்ட்ஸ்மனுக்கோ மணிக்கட்டு முறிந்திருந்தது, பியானோவோ சுருதி சேரவில்லை. அதை வைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட வேண்டுமென்று போட்டிருந்த திட்டத்தை, ஊர் திரும்பிக் கேட்டுப் பார்த்தவுடன் அவர்களே கைவிட்டார்கள். மகத்தான சந்தர்ப்பங்களில் சறுக்கிவிழுவதும், யாரும் பொருட்படுத்தாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவில் ஏதோவொரு கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் அற்புதம் செய்வதும் இவர்களுடைய சுபாவம் என்று ரசிகர்கள் சொல்லிக்கொள்வதில் குறையும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில், அவர்கள் நேசித்தது இந்தச் சுபாவத்தைத்தான். தவறமாட்டாத சங்கீதத்தை வீட்டில் இசைத்தட்டிலேயே கேட்கலாம். தவறக்கூடிய சங்கீதத்துக்கே ஆள் நேரில் போக வேண்டியிருக்கிறது.

நேரில் போனவர்கள் வெறுங்கையோடு போகவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்தே சிலர் சட்டைக்குள்ளும் பைக்குள்ளும் ஒளித்து ஒலிப்பதிவுக் கருவிகளை உள்ளே கொண்டு வந்தார்கள். பிற குழுக்களின் கச்சேரிகளில் இது திருட்டு. பிடிபட்டால் நாடாவைப் பிடுங்கிக்கொண்டு ஆளை வெளியே தள்ளிவிடுவார்கள். இங்கே கண்டும் காணாமல் விட்டார்கள். அதற்கு ஒரு பூர்வ காரணம் உண்டு: 1964-இல், இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத கார்சியா, ஒரு நண்பரோடு கார் ஒன்றில் ஒலிப்பதிவுக் கருவியை ஏற்றிக்கொண்டு, பில் மன்றோ முதலிய புளூகிராஸ் வித்வான்களின் கச்சேரிகளைப் பதிவு செய்வதற்காக அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து போனவர். தாம் செய்த காரியத்தைத் தம் ரசிகர் செய்யும்போது அவரால் கோபித்துக்கொள்ள முடியவில்லை. வாசித்து முடித்த பின்பு அதில் தமக்குப் பாத்தியதை இல்லை, கேட்டவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்பதே அவர் நிலை.

காலக்கிரமத்தில் இந்தப் பதிவாளர்களின் கூட்டம் பெருகி, அவர்கள் நாட்டிய ஒலிவாங்கிக் கம்பங்கள் ஒரு காடாகி, மேடையின் ஒலியைச் சீர்செய்ய உட்கார்ந்திருப்பவருக்கே மேடை தெரியாமல் மறைக்கும்படி ஆயிற்று. மற்ற எந்த ஸ்தாபனமாக இருந்தாலும் அன்றோடு தடை போட்டிருக்கும். இவர்களோ 1984 அக்டோபரில், பெர்க்லி நகரத்து அரங்கம் ஒன்றில் தொடங்கி, ஒலிச் சீரமைப்புப் பலகைக்குப் பின்புறத்தில் பதிவாளர்களுக்கென்றே தனியிடம் ஒதுக்கி, அதற்குத் தனி டிக்கெட்டும் விற்றார்கள். அந்தத் தனியிடத்தின் காட்சி வேடிக்கையானது. தலைகளுக்கு மேலே ஏழெட்டடி உயரத்தில் கம்பங்களின் நுனியில் ஜோடி ஜோடியாக ஒலிவாங்கிகள். கீழே தரையில் வரிசையாகக் கேசட் கருவிகள், ஒன்றின் வாயிலிருந்து அடுத்ததன் காதுக்குக் கம்பி. அருகில் காதுக்கவசம் மாட்டிக்கொண்டு, மீட்டர் முள் சிவப்பில் ஏறாதபடி விரலால் குமிழைத் திருகிக்கொண்டு குந்தியிருக்கும் ஆள். தொண்ணூறு நிமிஷ கேசட்டின் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். வாசிப்போ எங்கே முடியுமென்று சொல்ல முடியாது. ஆகவே எந்தப் பாட்டின் எந்த இடைவெளியில் கேசட்டைப் புரட்டிப் போடுவது என்பதை அனுமானிப்பது அவர்களுக்குள் ஒரு தேர்ந்த வித்தை. பக்கத்தில் நிற்பவர் தெரியாத்தனமாக ‘ஆகா’ என்று கத்திவிட்டால் முறைத்துப் பார்ப்பார்கள். ஏனெனில் அந்த ‘ஆகா’ இனி எந்தக் காலத்திலும் அழியாது.

பதிந்ததை விற்கக் கூடாது. இதுவே ஏக நிபந்தனை. விற்பவனைக் குழுவும் விடாது, சக ரசிகர்களும் விடமாட்டார்கள். வேண்டுகிறவர் வெற்றுக் கேசட்டுகளும் திருப்பி அனுப்பத் தபால் தலைகளும் வைத்து எழுத வேண்டியது, வைத்திருப்பவர் நகல் எடுத்து அனுப்ப வேண்டியது. கேசட்டின் முதுகிலே பொடி எழுத்தில் தேதி, ஊர், அரங்கம். உள்ளட்டையில் பாட்டுகளின் வரிசை. நிற்காமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போன இடங்களில் ஒரு சிறிய அம்புக்குறி. நகலின் நகல், அதன் நகல் என்று போகப் போக இரைச்சல் கூடுமாகையால், உன்னுடையது எத்தனையாவது தலைமுறை என்று விசாரிப்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படவில்லை. பல்லாயிரம் பேர் பல வருஷம் சேர்ந்து செய்த இந்தக் காரியத்தால், ஒரு குழுவின் முப்பது வருஷத்து உழைப்பில் பெரும்பகுதி நாள்வாரியாக இன்று கேட்கக் கிடைக்கிறது. நாட்குறிப்பு எழுதிய அரசாங்கங்கள் உண்டு. ஒரு ராக் குழுவுக்கு நாட்குறிப்பு எழுதிய ஜனக்கூட்டம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இப்படிச் சேர்ந்த களஞ்சியத்தை வைத்துக்கொண்டு அவர்கள் தங்களுக்குள் செய்யும் தர்க்கங்களைக் கேட்டால், விமர்சகர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் வெட்கப்பட வேண்டும். 1977 மே 8-ஆம் தேதி, மே மாதத்திலும் பனி பெய்த ஓர் இரவில், கார்னெல் பல்கலைக்கழகத்து பார்ட்டன் மண்டபத்தில் நடந்த கச்சேரியே அவர்கள் செய்தவற்றுள் தலைசிறந்தது என்று ஒரு சாரார் சாதிக்கிறார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் அதன் பதிவைத் தேசியப் பொக்கிஷங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இன்னொரு சாராரோ, அன்றைய வாசிப்பு அவ்வளவு உசத்தியன்று, பெட்டி கேன்டர் என்ற அம்மையார் எடுத்த ஒலிப்பதிவு துல்லியமாக அமைந்து, நல்ல நகல்கள் ஊரெங்கும் பரவியதால்தான் அதற்கு இந்தக் கீர்த்தி, அதே மாதத்திலேயே அதைவிட மேலான இரவுகள் உண்டு என்று தேதியோடு எதிர்வாதம் செய்கிறார்கள். எண்பதுகளின் நடுவில் கார்சியாவின் விரல்கள் சோம்பிவிட்டன என்பதையும், 1986-இல் நீரிழிவின் உபத்திரவத்தால் நினைவிழந்து கிடந்து பிழைத்த பின்பு கிட்டாரை ஏறக்குறைய அரிச்சுவடியிலிருந்தே பயின்று அவர் மீண்டும் எழுந்தார் என்பதையும், கடைசி இரண்டு வருஷங்களில் பல இரவுகள் கேட்கச் சகிக்காதவை என்பதையும் வெளியார் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மிகுந்த அன்போடு கேட்டவர்களே முதலில் சொன்னார்கள்.

அந்த அன்பு எப்படி ஒலிக்கும் என்று அறிய விரும்புவோருக்கு 1989 அக்டோபர் 9-ஆம் தேதி வர்ஜீனியா மாகாணத்து ஹாம்ப்டன் அரங்கில் எடுத்த பதிவைச் சொல்லுவேன். டிக்கெட் இல்லாத பெருங்கூட்டம் ஊரை மொய்த்துவிடக் கூடாதென்பதற்காக, தங்கள் ஆதிப் பெயரான ‘வார்லாக்ஸ்’ என்பதைச் சொல்லி அந்தக் கச்சேரியை விளம்பரப்படுத்தியிருந்தார்கள். டார்க் ஸ்டார் வாசித்து ஐந்து வருஷங்களுக்கு மேலாகியிருந்தது. இனி வராதென்றே பலர் நினைத்திருந்தார்கள். இரண்டாம் பகுதியில் அதன் முதல் ஸ்வரங்கள் விழுகின்றன. ஒரு விநாடி எதுவும் நடக்கவில்லை. அடுத்த விநாடியில் அரங்கத்தின் கூரையே பெயர்ந்து போவதுபோல் ஒரு முழக்கம். ஆரம்ப ஸ்வரங்களைக் கேட்ட மாத்திரத்தில் இன்னதென்று இனம் கண்டு, எத்தனை வருஷம் கழித்து வருகிறதென்ற கணக்கும் மனத்தில் வைத்திருந்த ஒரு சபை அது. எந்த வித்வானும் அப்படியொரு சபைக்கு ஆசைப்படுவான்.

சபைக்கு இவர்கள் செய்த மரியாதையும் சாமானியமன்று. ஔஸ்லி ஸ்டான்லி என்ற ஒலி நிபுணர் இருந்தார். போதை மருந்து தயாரித்த விஷயத்தில் அவருக்கு இதைவிடப் பெரிய புகழ் உண்டு, அது இருக்கட்டும். அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து 1974-இல் எழுப்பிய ஒலிபெருக்கிச் சுவர் சுமார் 75 டன் எடை. ஏறத்தாழ 600 ஒலிபெருக்கிகள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி அடுக்கு. ஃபில் லெஷ் வாசித்த பேஸ் கிட்டாரிலோ ஒவ்வொரு தந்திக்கும் தனி வழி. அது வாசிப்பவர்களுக்குப் பின்னால் நின்றதால் அவர்கள் கேட்டதையே கடைசி வரிசைக்காரரும் கேட்டார். ஓர் ஊரில் பிரித்து இன்னோர் ஊரில் கட்டுவதற்குள் அடுத்த கச்சேரித் தேதி வந்துவிடுமாகையால், சாரங்களை இரண்டு தொகுதியாகச் செய்து முன்னும் பின்னுமாக லாரிகளில் அனுப்பினார்கள். செலவு தாங்காமல் அந்த வருஷ முடிவிலேயே அதைக் கைவிட வேண்டியதாயிற்று. கணக்குப் பிள்ளைகள் யாரிடமும் கேட்டுச் செய்த காரியமாக அது தோன்றவில்லை.

நம் ஊரோடு இவர்களுக்கு ஒரு நேரான தொடர்பும் உண்டு. இரண்டு டிரம் கலைஞர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் லயக் கணக்குகளைக் கற்றவர். பதினோரு அட்சரச் சுழற்சியில் அமைந்த ‘தி லெவன்’ போன்ற உருப்படிகள் அந்தக் குழுவுக்குள் புகுந்த காலம் அதுவே. 1991-இல் அவர் ஸாகிர் ஹுசேன் முதலியோருடன் சேர்ந்து வெளியிட்ட ‘பிளானெட் டிரம்’ என்ற இசைத்தொகுப்பில் கடம் வாசித்தவர் நம்முடைய விக்கு விநாயக்ராம்; உலக இசைக்கென்று கிராமி பரிசு ஏற்பட்டபோது முதன்முதலில் அதைப் பெற்றது அந்தத் தொகுப்புத்தான். கச்சேரியின் இரண்டாம் பகுதியில் மற்றவர்கள் மேடையைவிட்டு இறங்கிப்போக, ஹார்ட்டும் க்ராய்ட்ஸ்மனும் மட்டும் நின்று பதினைந்து இருபது நிமிஷம் முழக்குவது எழுபதுகளின் கடைசியிலிருந்து நிரந்தர வழக்கமாயிற்று. நம் சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபி நினைவு வந்து ஒரு பகுதியினர் எழுந்து போவதைப் போலவே, அங்கேயும் அந்த நேரத்தில் கணிசமானவர்கள் வெளியே நழுவுவார்கள் என்று அறிந்தபோது எனக்குப் பரம திருப்தி உண்டாயிற்று. அதையடுத்து வரும், தாளமும் பல்லவியும் இல்லாத ‘ஸ்பேஸ்’ என்ற பகுதியை நான் ஒருபோதும் முழுமையாக ரசித்ததில்லை. நழுவினவர்கள் பட்சத்தில்தான் என் ஓட்டு.

இந்த ரசிகர் சமூகம் தானாக ஏற்பட்டதென்றாலும், அதைக் கூப்பிட்டு உட்காரவைத்தவர்கள் குழுவினரே. 1971-இல் வந்த ஓர் இசைத்தட்டின் உறைக்குள், நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள் என்று அழைப்பு விடுத்தார்கள், கடிதங்கள் குவிந்தன. எண்பதுகளில் டிக்கெட்டுகளைத் தாங்களே தபால் மூலம் விற்கத் தொடங்கியபோது, விண்ணப்ப உறைகளின்மேல் ரசிகர்கள் வர்ணச் சித்திரங்கள் எழுதி அனுப்பினார்கள். அவற்றில் ஆயிரக்கணக்கானவற்றைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் கிளை பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. காது கேளாதவர்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கி, சைகை மொழியில் பாட்டைச் சொல்ல ஆள் வைத்தார்கள். அங்கே இருந்தவர்கள் ஊதிய பலூன்களை இரு கையாலும் அணைத்துப் பிடித்து, லெஷ்ஷின் பேஸ் அதிர்வை விரல் நுனியால் வாங்கிக்கொண்டார்கள். போதை வஸ்துக்கள் தாராளமாகப் புழங்கிய அதே மைதானத்தில், அவற்றை விட்டொழித்தவர்கள் இடைவேளையில் மஞ்சள் பலூன் ஒன்றின் கீழே கூடி ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்ளும் சங்கமும் இருந்தது.

போதை வஸ்துவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டபடியால், மற்றொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1987-இல் அந்த ஒரே பாட்டு விற்பனைப் பட்டியலில் ஏறியதும், கச்சேரிக்காக வராமல், கச்சேரிக்கு வெளியே நடந்த சந்தைக்கும் கூத்துக்குமாக வருகிற கூட்டம் சேர்ந்தது. 1995 ஜூலை 2-ஆம் தேதி இந்தியானா மாகாணத்து டீர் கிரீக்கில் டிக்கெட் இல்லாத ஆயிரக்கணக்கானோர் வேலியைச் சாய்த்து உள்ளே பாய்ந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் சிலர் அதைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். மறுநாள் கச்சேரி ரத்தாயிற்று. கார்சியாவைக் கொன்றுவிடுவதாக ஒரு மிரட்டலும் வந்திருந்தபடியால் வேலி சாய்ந்த அந்த இரவில் அரங்கத்து விளக்குகளை அணைக்காமலே வாசிக்க நேர்ந்தது. ஜூலை 9-ஆம் தேதி சிகாகோவில் கடைசிக் கச்சேரி; ஆகஸ்ட் 9-ஆம் தேதி, ஒரு போதை மீட்பு விடுதியில், ஐம்பத்து மூன்றாவது வயதில் கார்சியா மாரடைப்பால் காலமானார். வருஷம் முழுதும் மைதானம் மைதானமாக வாசித்துத்தான், குழுவை நம்பியிருந்த அத்தனை குடும்பங்களையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. நோயாளியான மனிதருக்கு ஓய்வு எடுக்க வழியில்லை. ரசிகர்களின் அன்பு அவரைக் கொன்றது என்று சொல்வது அபாண்டம். அந்த அன்பு அவரை ஓயவிடவில்லை என்று சொன்னால் நேர்மையுள்ள டெட்ஹெட் எவரும் மறுக்கமாட்டார். பலர் எழுதியே இருக்கிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், இந்த ரசிகர்களிடம் இன்றைய சங்கீத உலகம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறதென்பதே என் வாதம். பெரிய மைதானங்களில் இன்று நடக்கும் பாப், ராக் நிகழ்ச்சிகள் பலவற்றில், விளக்குகளும் திரைக் காட்சிகளும் கணினியில் முன்பே பதிந்த காலக் கணக்கோடு பிணைக்கப்பட்டிருப்பதால், பாடகர் விரும்பினாலும் ஒரு பல்லவியை இன்னொரு முறை பாட இயலாது. லண்டனில் கேட்ட நகைச்சுவையையே அதே நொடியில் டோக்கியோவிலும் கேட்கலாம். குறையொன்றும் நேராதபடி எல்லாம் சரியாக நடந்து முடிகிறது. டிக்கெட் வாங்கினவர் ஏமாறக் கூடாதென்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். ஏமாறுவதற்கும் சம்மதித்து டிக்கெட் வாங்கிய ஒரு ஜனக்கூட்டம் முப்பது வருஷம் ஒரு குழுவைத் தாங்கி நின்றது. தொண்ணூறுகளில் அமெரிக்காவிலேயே அதிக வசூல் கண்ட குழுக்களில் ஒன்றாக அதை உயர்த்தியும் வைத்தது. ரசிகர்களுக்குப் பொறுமை இல்லை, புதுமை பிடிக்காது, தெரிந்ததையே கேட்பார்கள் என்று புலம்பும் கலைஞர்களும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

கேட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொறுக்கி எடுத்த பாட்டுகளின் தொகுப்பிலிருந்து தொடங்க வேண்டாம். மேலே சொன்ன 1972 வெனீட்டாக் கச்சேரியும் 1977 கார்னெல் கச்சேரியும் முறைப்படி வெளியிடப்பட்டுக் கிடைக்கின்றன. இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல் இருபது நிமிஷத்தில் எந்தத் தீர்ப்பும் சொல்லாமல், முழுவதையும் ஒரே அமர்வில் கேளுங்கள். இரண்டு தடவை கேட்டும் மனம் ஒட்டவில்லையென்றால் தாராளமாக விட்டுவிடலாம். டெட்ஹெட்கள் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், வேறொரு தேதியைச் சொல்லி அதைக் கேட்டீர்களா என்பார்கள்.